கை படாத பாடம்

கண்ணுச்சாமியை மதுரையில் பல பேர் பார்த்திருந்தார்கள். அவன் பேசிக் கேட்டவர்கள்தான் குறைவு.

மாதம் ஒரு தடவை தேகாரோக்கியச் சங்கத்தில் யோகாசனப் பிரசங்கம் நடக்கும். கூடத்தின் நடுவே ஒரு பெரிய மேஜை. மேஜையின்மேல் லங்கோடு கட்டிய கண்ணுச்சாமி. பக்கத்தில் அங்கவஸ்திரத்தோடு சங்கச் செயலாளர் கூடலிங்கம் பிள்ளை. "இது புஜங்காசனம், நாகம் படமெடுப்பதைப் போல" என்று பிள்ளை சொன்னால் மேஜைமேல் நாகம் படமெடுக்கும். "இது மயூராசனம்" என்றால் மயில் நிற்கும். கைதட்டல் எழும்போது பிள்ளை கும்பிடுவார். நாகமும் மயிலும் மேஜையை விட்டு இறங்கி, சட்டையை மாட்டிக்கொண்டு, பின்பக்க வாசல் வழியாகப் போய்விடும்.

"வளையுறது நீயி, கும்பிடுறது அவரா?" என்று அவன் அக்கா சோணையம்மாள் ஒரு தடவை கேட்டாள்.

"எனக்குப் பேச வராதுக்கா" என்றான் கண்ணுச்சாமி.

அது உண்மை. அவனுடைய பேச்செல்லாம் கையில் இருந்தது.

வாடிப்பட்டிப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம். அப்பன் மொக்கைச்சாமி இன்னும் அந்த வயலில்தான் குனிந்துகொண்டிருந்தார். கண்ணுச்சாமி மட்டும் ரயிலேறி பம்பாய்க்குப் போனான். துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். இடுப்பு பிடித்துக்கொண்டது. இலவசமாகப் பார்க்கிறார்கள் என்று யாரோ சொல்ல, ஒரு யோக நிலையத்துக்கு ஊர்ந்து போனான். இடுப்பு சரியாயிற்று, அவன் அங்கேயே தங்கிவிட்டான். முதலில் கூட்டிப் பெருக்கினான், பிறகு கற்றான், கடைசியில் கற்பித்தான். மராத்தியும் குஜராத்தியும் அரைகுறை என்பதால் வாயை நம்பாமல் கையை நம்பினான். ஒருவன் முதுகில் உள்ளங்கையை வைத்தால் எந்த இடம் அடம்பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். விரலால் ஓர் அழுத்து, அந்த இடம் இளகிவிடும். அந்தக் கை எந்தத் தெருவில் பிறந்தது என்று பம்பாயில் யாரும் கேட்கவில்லை.

அம்மா செத்துப்போன சேதி கேட்டு ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. காளவாசலில் அக்கா வீட்டில் தங்கினான். அக்கா புருஷன் முத்திருளன் அங்கே சுண்ணாம்புச் சூளையில் கல் சுமக்கிறவன். நாற்பது வயதுக்குள் முதுகு வில்லாகிவிட்டிருந்தது. சாயங்காலம் சாக்கை விரித்துக் குப்புறப் படுத்து, "மாப்ள, வை கையை" என்பான். கண்ணுச்சாமி பேசாமல் வைப்பான். "அம்புட்டுத்தான், அம்புட்டுத்தான்... அங்கனதான்" என்று முனகிக்கொண்டே முத்திருளன் தூங்கிவிடுவான்.

யுத்தம் ஆரம்பித்த மறு வருஷம் எல்லோரும் தேகபலம், தேகபலம் என்று பேசினார்கள். ஜில்லாவில் உள்ள பள்ளிக்கூட டிரில் மாஸ்டர்களைக் கூட்டி ஒரு யோகாசன முகாம் போடச் சங்கம் தீர்மானித்தது. நடத்திக்கொடுக்க ஒப்புக்கொண்டிருந்த பெங்களூர் வித்வான் டைபாய்டில் படுத்துவிட்டார். பிள்ளை கண்ணுச்சாமியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"முகாமை நீ நடத்து" என்றார்.

"மேஜை எங்கன போடுறதுங்கய்யா?"

"மேஜை கிடையாதுப்பா. நீதான் ஆசிரியர். பேசுறதும் நீ, செய்யுறதும் நீ. மீனாட்சி கோயிலுக்குள்ளேயே எல்லாரையும் விட்டாச்சு. நம்ம சங்கம் மட்டும் பின்தங்கி நிக்கலாமா? இது நல்லபடியா முடிஞ்சா திண்டுக்கல், மேலூர்னு ஊர் ஊரா முகாம் போடலாம். எல்லாத்துக்கும் நீதான்."

கண்ணுச்சாமி நினைத்துப் பார்த்தான். மேஜையிலிருந்து இறங்கித் தரையில் நின்று, எதிரே வரிசையாக உட்கார்ந்திருக்கும் மனிதர்களைப் பார்த்து, "மூச்சை இழுங்கள்" என்று சொல்ல வேண்டும். அவர்கள் இழுப்பார்கள். பம்பாயிலிருந்து வந்த நாள் முதல் அவன் ஆசைப்பட்டது இது ஒன்றைத்தான். ஆசைப்பட்டதை யாரிடமும் சொன்னதில்லை.

"ஒரே ஒரு விஷயம்" என்று பிள்ளை மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். "யாரையும் தொட வேண்டாம்."

"தொடாம எப்படிங்கய்யா? தப்பா வளைஞ்சா..."

"வாயால சொல்லு. எனக்கு ஒண்ணும் இல்லைப்பா, இதோ பார்" என்று ஒரு விரலால் அவன் தோளைத் தொட்டுக் காட்டினார். "வர்றவங்க நாலு ஊர்க்காரங்க. நீ ஒருத்தன் முதுகுல கை வச்சா மறுநாள் முகாம் காலி. உனக்கும் வாய்ப்புப் போகும், எனக்கும் பேர் போகும்."

"சிரசாசனத்துக்கு ஆள் பிடிச்சே ஆகணுங்கய்யா. தலைகீழா நிக்கிறவனுக்குத் தான் எங்க சாயுறோம்னு தெரியாது."

"சுவரோரமா நிறுத்து" என்று பிள்ளை எழுந்துவிட்டார்.

அன்று கண்ணுச்சாமி நேரே வீட்டுக்குப் போகவில்லை. காஜிமார் தெருப் பக்கம் சேக் இஸ்மாயிலின் பாய்க்கடைக்குப் போனான். சங்கத்துக்குக் கோரைப்பாய் கொடுப்பவர் இஸ்மாயில். தம்முடைய பாயின்மேல் என்ன கூத்து நடக்கிறது என்று பார்க்க ஒருநாள் வந்தவர், அன்றிலிருந்து கண்ணுச்சாமிக்குச் சிநேகிதர். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. தொந்தி மட்டும் இஸ்மாயிலுக்குக் கூடுதல்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"இதுக்கா மாப்ள முகத்தைத் தொங்கப்போட்டுட்டு வந்தே? நான் வாயாலதான பாய் விக்கிறேன்! வர்றவன் பாயைத் தொட்டுப் பாக்குறதுக்கு முன்னாடி பாதி வித்துருவேன். நாளைக்கு லுஹர் தொழுதுட்டுக் கடையைச் சாத்திருவேன். வா. நான்தான் உன் சிஷ்யன். என்னை ஆட்டிவச்சுட்டா நீ யாரை வேணும்னாலும் ஆட்டிவைக்கலாம்."

மறுநாள் மத்தியானம் கடையின் பின்னறையில் பாடம் ஆரம்பித்தது. பாய்க்கட்டுகளுக்கு நடுவே இஸ்மாயில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"முதுகுத்தண்டை நேராக்குங்க" என்றான் கண்ணுச்சாமி. சொல்லும்போதே கை முதுகுக்குப் போய்விட்டது. இஸ்மாயில் பனையோலை விசிறியால் அந்தக் கையில் ஒன்று வைத்தார்.

"முதுகுத்தண்டு எங்கன இருக்குன்னு எனக்கென்ன தெரியும்? அதைக் கறிக்கடைக்காரன்கிட்டப் போய்க் கேளு. எனக்குத் தெரிஞ்சதாச் சொல்லு."

திரும்பச் சொன்னான். திரும்பக் கை போயிற்று. திரும்ப விசிறி. அடி வாங்கியும் கை கேட்கவில்லை. கடைசியில் இஸ்மாயில் பாய் கட்டும் சணல் கயிற்றை எடுத்து, அவன் கைகளைப் பின்னால் சேர்த்துக் கட்டிவிட்டார்.

திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி மெஹருன்னிசாவின் குரல் வந்தது: "ஏங்க, மனுசனைக் கட்டிப்போட்டு என்ன பண்றீங்க?"

"வாத்தியார் ஆக்குறேன் புள்ளே! நீ டீயை அனுப்பு."

"கையைக் கட்டிட்டா டீயை எப்படிக் குடிப்பாரு?"

கட்டிய கைகளோடு நின்றபோதுதான் கண்ணுச்சாமிக்கு முதல்முறையாகச் சொற்கள் தேவைப்பட்டன. இஸ்மாயிலின் தோளைப் பார்த்தான். பாய் சுமந்து காய்த்துப்போன தோள்.

"பாய்க்கட்டைத் தோள்ல வச்சுக்கிட்டு நிலைப்படி தட்டாம உள்ளே நுழைவீங்கள்ல? அப்பக் கழுத்து எப்படிப் போகும்? அப்படி வைங்க."

இஸ்மாயிலின் கழுத்து தானாக நீண்டு, தோள் இறங்கி, முதுகு நிமிர்ந்தது. அவருக்கே ஆச்சரியம்.

"அட அல்லாவே! யாரும் தொடலையே!"

அன்றைக்கு வேறெந்த வாக்கியமும் பலிக்கவில்லை. ஆனால் அந்த ஒன்று போதுமாக இருந்தது. கண்ணுச்சாமி தெருவில் நடந்தபடியே எதிரே வருகிறவர்களின் உடம்பைப் பார்த்துச் சொல் தேட ஆரம்பித்தான். கிணற்றில் வாளி இழுக்கிறவள், ஜட்காவில் தொங்குகிறவன், தறியில் உட்கார்ந்திருப்பவன், எல்லோரிடமும் ஒரு வாக்கியம் இருந்தது. மத்தியானம் கடைக்குப் போய்க் கையை நீட்டுவான், இஸ்மாயில் கட்டுவார், பாடம் நடக்கும். குரலில் இருந்த நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. "நாளைக்கு இருபது பேர் இல்ல, இருநூறு பேர் வந்தாலும் பேசுவே மாப்ள" என்றார் இஸ்மாயில்.

முகாமுக்கு முந்தின நாள் அவர் கயிற்றை அவிழ்த்துவிட்டு, பாயைச் சுருட்டி வைத்துவிட்டுத் திரும்பினார். கண்ணுச்சாமியின் கைகள் இன்னும் முதுகுக்குப் பின்னாலேயே கோத்துக்கொண்டு நின்றன.

"அவுத்தாச்சுப்பா!"

கண்ணுச்சாமி கைகளை முன்னால் கொண்டுவந்து பார்த்தான். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வீட்டிலும் அவன் யார்மேலும் கை வைப்பதில்லை. குப்புறப் படுத்த முத்திருளனுக்கும் வாயாலேயே சொல்லிப் பழகினான்.

"நீ சொல்றது புரியுது மாப்ள. ஆனா கை வச்ச மாதிரி இல்ல" என்றான் முத்திருளன்.

"முகாம் முடியட்டும் மச்சான்."

வைகைக்கு வடகரையில் ஒரு பள்ளிக்கூடக் கூடத்தில் முகாம். காக்கி அரைக்கால் சட்டையும் தொங்கும் விசிலுமாக டிரில் மாஸ்டர்கள் வந்து உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் மீசையும் மார்புமாக ஒருவர் கண்ணுச்சாமியை மேலும் கீழும் பார்த்தார். வாடிப்பட்டி டிரில் மாஸ்டர் உக்கிரபாண்டி. மொக்கைச்சாமி குனிந்துகொண்டிருந்த வயல் அவருடைய வீட்டு வயல்.

"ஏய், நீ மொக்கைச்சாமி மகன்தானே?"

"ஆமாங்கய்யா."

"கரும்புச் சோகை உரிச்சுக்கிட்டுத் திரிஞ்ச பய. இப்ப எங்களுக்கு வாத்தியாரா?"

கூடம் சிரித்தது. பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பிள்ளையும், கோபித்துக்கொள்வதா சிரிப்பதா என்று யோசித்துவிட்டு, சிரித்தார்.

மேஜை இருந்தால் கண்ணுச்சாமி ஏறிப் படுத்திருப்பான். என்ன செய்கிறோம் என்று தெரியாமல் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டினான். இடது மணிக்கட்டை வலது கை இறுகப் பிடித்தது. குரல் வந்துவிட்டது.

"ஐயாமாரே, பயகளை வரிசையில நிறுத்திட்டு விசில் ஊத மூச்சு இழுப்பீங்க. இப்ப இழுங்க. நெஞ்சு நிறைய. ஊதாதீங்க. பயக ஓடத் தயாரா நிக்கிறான், நீங்க இன்னும் ஊதலை. அப்படியே வச்சிருங்க... இம்புட்டுத்தான் மொத பாடம்."

கூடம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றது. உக்கிரபாண்டியும்தான். இழுத்த பிறகே, தாம் அவன் பேச்சைக் கேட்டுவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது.

அடுத்தடுத்த நாட்கள் நன்றாகவே போயின. இரண்டு இடங்களில்தான் தட்டிற்று. சிரசாசனத்துக்கு ஒருவர் காலை ஒருவர் பிடிக்கட்டும் என்று கண்ணுச்சாமி சொல்லிப் பார்த்தான். "நான் எதுக்கு அவன் காலைப் பிடிக்கணும்?" என்று ஒருவர் கேட்க, "என் காலைப் பிடிக்க நீ யாரு?" என்று மற்றவர் கேட்டார். அவர்களுக்குள்ளேயே அத்தனை படிகள் இருந்தன. ஆகவே எல்லோரும் சுவரோரமாகவே தலைகீழாக நின்றார்கள்.

இன்னொன்று சர்வாங்காசனத்தின்போது. தோளில் நின்று காலை உயர்த்தியிருந்த உக்கிரபாண்டி ஒரு பக்கமாகச் சரிந்தார். கண்ணுச்சாமியின் கை அவனைக் கேட்காமலே நீண்டது.

"ஏய்! கை!"

தலைகீழாகக் கிடந்தபடியே உக்கிரபாண்டி போட்ட சத்தத்தில் கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. கை பாதி வழியில் அந்தரத்தில் நின்றது. உக்கிரபாண்டி பொத்தென்று பாயில் உருண்டார். அடி ஒன்றும் இல்லை. எழுந்து உட்கார்ந்து, தொட்டுவிட்டதா என்று காலைத் துண்டால் தட்டிக்கொண்டார்.

"வாயாலப்பா, வாயால" என்றார் பின்னாலிருந்து பிள்ளை, குழந்தைக்குச் சொல்வதுபோல.

அதற்குப் பிறகு அவன் கைகள் முன்னுக்கு வரவில்லை. பாடம் நடக்கும் நேரமெல்லாம் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. வாய் மட்டும் நாளுக்கு நாள் கூர்மையாயிற்று. யார் எங்கே தவறுவார் என்று அவன் கண் முன்கூட்டியே பார்த்தது. அவர் தவறுமுன் வாய் சொல்லிற்று. திருவாதவூர் மாஸ்டர் ஒருவர் தங்கள் ஊருக்கும் வந்து நடத்த வேண்டும் என்று கேட்டார். "கண்ணுச்சாமி வாத்தியார்" என்று யாரோ சொல்ல, யாரும் சிரிக்கவில்லை. உக்கிரபாண்டிக்கே பல வருஷத்து இடுப்புவலி குறைந்திருந்தது.

"உன் வாயில என்னமோ இருக்குடா" என்றார், பாராட்டை வேண்டாவெறுப்பாகத் துப்புகிறவர்போல. கண்ணுச்சாமிக்கு அது போதும்.

பிள்ளை வருகிற பெரிய மனிதர்களையெல்லாம் அழைத்துவந்து காட்டினார். "தொடாமலே கற்பிக்கிறோம் பாருங்கள். புதுமுறை. பெங்களூரிலேகூடக் கிடையாது!"

அதைக் கேட்டுக் கண்ணுச்சாமிக்கு உடம்பு சிலிர்த்தது. அன்று இஸ்மாயிலிடம் போய், "நம்ம முறையைப் பத்தி ஊரே பேசுது பாய்" என்றான்.

இஸ்மாயில் பாய் சுருட்டுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். "முறையா? உன்னைத் தொடக் கூடாதுன்னுல்ல சொன்னாங்க."

"எதுவா இருந்தா என்ன பாய்? நான் முன்னாடி நிக்கிறேன். அவுங்க கேக்குறாங்க."

இஸ்மாயில் மறுபடி பாயைச் சுருட்ட ஆரம்பித்தார். நல்ல நாளில் எதற்கு என்று நினைத்திருக்கலாம்.

கடைசி நாள் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு விழா. கல்வி இலாகா அதிகாரி ஒருவர் வந்திருந்தார். காலையில் பிள்ளை வந்து, முடிவாக எல்லோரும் மைதானத்தின் நடுவில் சிரசாசனம் போட வேண்டும் என்றார்.

"சுவரில்லாம வேண்டாங்கய்யா. இன்னும் ரெண்டு மாசம் பழகணும்."

"சுவர்ப்பக்கம் திரும்பி நின்னா யாருக்குத் தெரியும்? போட்டோ எடுக்க ஆள் வந்திருக்கு" என்ற பிள்ளை, அவனை உற்றுப் பார்த்துச் சிரித்தார். "ஏன், உன் வாய் போதாதா?"

முகாமுக்கு முன் இந்தக் கேள்வி வந்திருந்தால் கண்ணுச்சாமி "போதாதுங்க" என்று ஒரே பேச்சாகச் சொல்லியிருப்பான். பம்பாயில் அவன் முதலில் கற்ற பாடம் அதுதான்: தலைகீழாக நிற்கிறவன் பக்கத்தில் ஆசிரியர் நிற்பது பார்ப்பதற்கு அல்ல, பிடிப்பதற்கு. ஆனால் இப்போது அவன் இத்தனை பேரை வாயாலேயே நிமிர்த்தியிருந்தான், வளைத்திருந்தான். திண்டுக்கல்லும் மேலூரும் கண்முன் நின்றன.

"போதுங்கய்யா" என்றான்.

மைதானத்தில் பாய்கள் விரிந்தன. "அவசரம் வேண்டாம். பானையைத் தலையில வச்சா எந்த இடத்துல அசையாம உக்காருமோ, அந்த இடம் தரையில பதியட்டும்" என்று கண்ணுச்சாமி ஆரம்பித்தான். குரல் பந்தலின் கடைசி வரை கேட்டது. கால்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஒருவர் இருவர் தடுமாறி இறங்கினார்கள். மற்றவர்கள் நின்றார்கள். பந்தலில் கைதட்டினார்கள். கைதட்டல் கேட்டு உக்கிரபாண்டி இன்னும் கொஞ்சம் விறைத்துக் காலை நீட்டினார்.

கண்ணுச்சாமி அவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றான்.

கால்கள் ஒரு விரற்கடை பின்னால் போயின. அவன் பார்த்துவிட்டான். "வயித்தை இறுக்குங்கய்யா, கிணத்துல வாளி இழுக்கிற மாதிரி" என்றான். இன்னும் கொஞ்சம் போயின. "முழங்கையைத் தரையில அழுத்துங்க. குதிகாலைப் பார்க்காதீங்க." இடுப்பு திரும்பிற்று. "மூச்சை விட்டுறாதீங்க, விசிலு வாயிலதான் இருக்கு, ஊதாதீங்க..."

எல்லாம் சரியான சொற்கள். அந்தப் பெரிய உடம்பு மரம்போலச் சாய்ந்து வந்துகொண்டிருந்தபோதும் கண்ணுச்சாமி பேசிக்கொண்டேயிருந்தான். கைகள் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.

கழுத்தும் தோளும் முதலில் தரையில் மோதின. அந்தச் சத்தம் பந்தல் வரை கேட்டது.

எல்லோரும் ஓடிவந்தார்கள். உக்கிரபாண்டி மல்லாந்து கிடந்தார். முகம் வெளுத்திருந்தது. கண் மட்டும் கண்ணுச்சாமியைத் தேடிப் பிடித்தது.

"பக்கத்துலதானடா நின்னே" என்றார். கோபமாகக்கூட இல்லை. "பிடிச்சிருக்கலாம்ல?"

பிள்ளை வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். "கை எங்கேடா போச்சு உனக்கு?"

"தொடக் கூடாதுன்னு நீங்க..."

"விழுகிறவனைப் பிடிக்கக் கூடாதுன்னா சொன்னேன்?"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கண்ணுச்சாமியைப் பார்த்தார்கள். பிள்ளையின் கேள்வியில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அவர் அப்படிச் சொல்லவில்லைதான்.

நான்கு பேர் குனிந்து உக்கிரபாண்டியின் கையையும் காலையும் பிடித்தார்கள். கண்ணுச்சாமிக்கு அப்போதுதான் உயிர் வந்தது. "இழுக்காதீங்க! கழுத்தை அசைக்காம பலகை வச்சுத் தூக்கணும்! நான் தலையைத் தாங்கிக்கிறேன்..." என்று கையை நீட்டிக்கொண்டு பாய்ந்தான்.

"தள்ளி நில்லுடா" என்று ஒருவர் அவன் மார்பில் குடைக்கம்பால் தள்ளினார்.

அவர்கள் கையைப் பிடித்து இழுத்தே தூக்கி, தலை தொங்கத் தொங்க வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

உக்கிரபாண்டிக்கு உயிருக்கு ஆபத்தில்லை. இடது கை மட்டும் தோளுக்கு மேல் எழாமல் போயிற்று. விழுந்ததில் போனதா, தூக்கியதில் போனதா என்று யாரும் விசாரிக்கவில்லை. வேறொரு பேச்சுத்தான் ஊரில் ஓடியது: முதல் நாள் எல்லோர் முன்னாலும் அவனைச் சொல்லிச் சிரித்ததற்கு வஞ்சம் வைத்துப் பழிவாங்கிவிட்டான். வயலில் இறங்க வேண்டாம் என்று வாடிப்பட்டியில் மொக்கைச்சாமியிடம் சொல்லிவிட்டார்கள். "நாம இடம் கொடுத்தோம். அவங்களுக்கு அது தாங்கலை" என்று பிள்ளை சங்கத்தில் வருத்தத்தோடு சொன்னாராம். திண்டுக்கல் முகாமைப் பெங்களூர் வித்வான் தேறி வந்து நடத்தினார். ஒவ்வொருவரையும் தொட்டுத் தொட்டுத் திருத்தினார் என்றும், அதுவல்லவா கற்பிப்பது என்றும் போய்வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். கண்ணுச்சாமிக்கும் பிள்ளை ஒரு சேதி சொல்லியனுப்பினார்: பேச்சு அடங்கியதும், மேஜைக்கு வேண்டுமானால் வரட்டும்.

இஸ்மாயில் கடையில் இரண்டு பேரும் டீயை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"மாப்ள, என்கிட்டச் சொல்லு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். வேணும்னுதான் விட்டியா?"

"இல்ல பாய்."

"கொஞ்சங்கூட?"

"அப்படி இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும் பாய். நான் செஞ்சதுன்னு ஒண்ணாவது இருந்திருக்கும்." கண்ணுச்சாமி தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டான். "கை வரலை. அம்புட்டுத்தான்."

மூலையில் அந்தச் சணல் கயிறு சுருண்டு கிடந்தது. இஸ்மாயில் அதைப் பார்த்தார். கண்ணுச்சாமி பார்த்தானா என்று அவருக்குத் தெரியவில்லை. எழுந்து போய் அதை எடுத்துப் பாய்க்கட்டுகளுக்குப் பின்னால் போட்டுவிட்டு வந்தார். டீ ஆறிப்போய்க் கிடந்தது.

அன்று சாயங்காலம் காளவாசலில் சூளைப் புகை தாழ்வாகப் படிந்திருந்தது. முத்திருளன் வேலை முடிந்து வந்து, சாக்கை விரித்துக் குப்புறப் படுத்தான்.

"முகாமுதான் முடிஞ்சிருச்சுல்ல மாப்ள. வை கையை. இந்த மாசம் முழுக்க உறக்கமே இல்ல."

கண்ணுச்சாமி பக்கத்தில் மண்டியிட்டான். வளைந்த முதுகு, வியர்வையில் ஒட்டிய சுண்ணாம்புத் தூள், எங்கே அழுத்தினால் எது இளகும் என்று அவனுக்கு மனப்பாடம். கையை நீட்டினான். முதுகுக்கு ஒரு சாண் மேலே அது நின்றது. தோலின் சூடு உள்ளங்கையில் அடித்தது. அதற்குக் கீழே இறங்கவில்லை.

"மூச்சை... மூச்சை இழுங்க மச்சான்" என்றது வாய்.

"இழுத்துட்டேன். கையை வை."

கண்ணுச்சாமி கை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுப்பங்கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த சோணையம்மாள் எழுந்து வந்தாள்.

"என்னடா இது? எங்களையுமா தொட மாட்டே?"

அவன் கண் கலங்கியதைப் பார்த்து அவளுக்கு ஏதோ புரிந்தது. மேற்கொண்டு திட்டாமல் குனிந்தாள். அவன் மணிக்கட்டைப் பிடித்து, அடம்பிடிக்கிற பிள்ளையின் கையைச் சோற்றில் வைப்பதுபோல, புருஷன் முதுகில் வைத்து அழுத்தினாள். கை அங்கே கிடந்தது.

முத்திருளன் கண்ணை மூடிக் காத்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் திருப்பாமலே கேட்டான்:

"மாப்ள, கையை வையின்னு எம்புட்டு நேரமாச் சொல்றேன்?"

"வச்சுத்தான்யா இருக்கான்" என்றாள் சோணையம்மாள்.